மலைக்கு முதுகு காட்டாதவள்

எங்கள் தெருவில் ஒயர்லெஸ் இணைப்பு எடுக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சார். நன்றாகவே எடுக்கும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே, பின்கொல்லையைத் தாண்டி ஒரு விடுதி இருக்கிறது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காக அதன் மாடியில் ஒயர்லெஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். என் மனைவி அருணாதேவி அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். தங்கள் நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் கேமராவில் படிக்கட்டும் என்று விடுதிக்காரர் பாஸ்வேர்டை அவளுக்கும் கொடுத்திருந்தார்.

அவள் எம்.ஏ., பி.எட். நான் பிளஸ் டூ. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதிலேயே ஒரு திமிர் இருக்கிறது, உங்களுக்குப் புரியும்.

லேப்டாப்பின் முன்விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதை இடப்பக்கம் தள்ளினால் ஒயர்லெஸ் அணைந்துவிடும். வாங்கிய அன்றே கடைக்காரன் எனக்குக் காட்டினான். பாட நேரம் நெருங்கும்போது நான் அதைத் தள்ளிவைப்பேன். இரண்டு பட்டம் வாங்கியவள் கணினியை அணைத்துப் போடுவாள், பாஸ்வேர்டை மறுபடி மறுபடி அடிப்பாள், விடுதிக்கு ஓடி அவர்கள் பெட்டியையும் அணைத்துப் போடச் சொல்வாள். அந்தச் சுவிட்ச் மட்டும் அவள் கண்ணில் படாது. ரிப்பேர்க்கார மணிவேல் வருவதற்குள் நான் அதைப் போட்டுவைத்துவிடுவேன். "எல்லாம் நல்லாத்தானே இருக்குதுக்கா" என்று சிரித்துவிட்டுப் போவான். அவள் முகம் சுருங்கிப்போகும். அன்று எனக்குச் சோறு கொஞ்சம் ஜாஸ்தியாகவே இறங்கும்.

"பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம், அதான் எடுக்கல" என்பேன். அதையும் நம்பினாள். படித்த லட்சணம் அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. திங்கட்கிழமை காலையில் கேமராவில் முகம் பார்த்துப் பேசுவார்களாம். பிடித்துவிட்டால் அவள் சென்னைக்குப் போய்விடுவாள். நான் இங்கே ஓட்டல் சாப்பாடு தின்றுகொண்டு, டீச்சரம்மா புருஷன் என்ற பெயரோடு கிடக்க வேண்டும்.

அன்றும் சுவிட்சைத் தள்ளினேன்.

"என்னங்க, இன்னைக்கும் எடுக்கலங்க. பிரவுசிங் சென்டர்கூட இன்னும் தொறந்திருக்க மாட்டான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாடிக்கு எடுத்துட்டுப் போ. விடுதிப் பக்கமா நின்னா எடுக்கும்" என்றேன்.

எங்கள் மாடியில் தெற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. வடக்கே மலை. எங்கள் ஊரில் மலைதான் சாமி. அருணாதேவி மலைக்கு முதுகு காட்டமாட்டாள், சார். சன்னிதியிலிருந்து சிலர் சாமியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வருவார்கள் இல்லையா, மாடியில் அவள் எப்போதும் அப்படித்தான். துணி காயப்போடும்போதுகூட. பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு, மலையைப் பார்த்தபடி, அடிமேல் அடிவைத்துப் பின்னால் போனாள். நான் படிக்கட்டு வாசலில் நின்றிருந்தேன்.

"எடுக்கலயேங்க. பின்னாடி எடம் இருக்குதா?" திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நெறைய இருக்குது. இன்னும் கொஞ்சம் போ."

நான் அவளைத் தொடவே இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள். என்னை அந்த அளவுக்கு நம்பும்படி அவளுக்கு யார் சொன்னது?