எங்காத்துக்காரர் லேப்டாப் பார்க்கறார்

ஐயையோ, அதையெல்லாம் பிரிக்காதேங்கோ. நான் வாங்க வரலை. ஏசியில செத்த உக்காந்துக்கறேன்னுதானே சொன்னேன், நீங்க அதுக்குள்ள நாலு டப்பாவைத் திறந்துட்டேளே. தண்ணி போறும், போறும். பாண்டி பஜார்ல நடக்கறதுக்குன்னு பிளாட்பாரத்தை அவ்வளவு அகலமாப் போட்டு வெச்சிருக்கா, நிழலுக்குத்தான் ஒண்ணையும் காணோம்.

செந்தில்குமாரா உங்க பேரு? சட்டையில குத்திண்டிருக்கேளே, பார்த்தேன். அந்த ஓரத்துல சாம்பல் கலர்ல இருக்கே, அது பதினாறு ஜிபி ரேம்தானே? பார்த்தேளா, கரெக்டாச் சொல்லிட்டேன். சாம்பாருக்கு எவ்வளவு உப்புன்னு கேட்டா யோசிப்பேன், ரேம் எவ்வளவுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்காத்துல அஞ்சு மாசமா வேற பேச்சே கிடையாது.

எங்காத்துக்காரரை நீங்க பார்த்திருப்பேள். கல்யாணராமன்னு பேரு. போன சனிக்கிழமை வந்து மூடியை ஒத்தை விரலால தூக்கி, காதை வெச்சுக் கேட்டு, மோந்துகூடப் பார்த்தாராமே. கூட ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டுண்டு. ஆமாம், அவரேதான். பரவாயில்லை, சிரிங்கோ. எனக்கும் சிரிப்புதான் வரது.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளுங்கோ. இவர் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர். கார் ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டரும் தெரியாது. வேலைக்குப் போன காலம் பூரா மந்தைவெளியிலேர்ந்து பஸ்தான். என் தம்பி பிள்ளை ஸ்ரீஹரி, தரமணியில வேலை, வேளச்சேரியில ஃபிளாட் வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். இலை போட்டாச்சு, இவரைக் காணோம். தேடிண்டு போனா, உள் ரூம்ல ஸ்ரீஹரியோட கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டிண்டிருக்கார். கேம்தான். பெரிய லாரி, ஏதோ வெளிநாட்டு ரோடு, மழை வேற கொட்டறது. இவர் நாற்காலியில உக்காந்தபடியே உடம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சுத் திருப்பறார். சாப்பிட வாங்கோன்னா, இருடி, சரக்கை வியன்னாவுல இறக்கிட்டு வந்துடறேன்கறார்.

ஆத்துக்கு வந்ததும் லேப்டாப் வாங்கணும்னார். எதுக்குன்னேன். லைட் வொர்க்னார். என்ன லைட் வொர்க் தெரியுமோ? அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு செகரட்டரியா இருக்கார். யாராத்து செருப்பு ஸ்டாண்டு மாடிப்படியை அடைச்சுண்டு இருக்குன்னு மாசம் ஒரு சர்க்குலர் போடுவார். அதுக்குப் பதினாறு ஜிபி வேணுமாம். அப்புறம் மெதுவா, கொஞ்சம் கேஷுவல் கேமிங்கும்னு இழுத்தார். கேஷுவல்னா, வேஷ்டியைக் கட்டிண்டே ஓட்டறதாக்கும்னு நினைச்சுண்டேன்.

ஆமாம், விலை மட்டா இருக்கணும், எல்லாமும் இருக்கணும். எல்லாரும் அதையேதான் கேட்கறாளா? அப்போ இவர் தனி ஜாதி இல்லை, எனக்கு அதுவே ஆறுதல்.

அன்னிலேர்ந்து பிடிச்சது. காலம்பற சந்தியாவந்தனம் முடிஞ்ச கையோட யூட்யூப். வணக்கம் நண்பர்களேன்னு ஒருத்தன் கத்துவான். இதைக் கண்ணை மூடிண்டு வாங்குங்கம்பான். அடுத்தவன் வந்து, அதை வாங்கினவா எல்லாம் அழறாம்பான். இவர் ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டுவார். நாகேஸ்வர ராவ் பார்க்ல கூட நடக்கற சிநேகிதர் ஒருத்தர், ராகவேந்திரன்னு. அவர் சொன்னார், ஓய், அவசரப்படாதீர், புது சிப் வரப்போறதுன்னு. புது சிப் வந்துது. பழசு விலை இறங்கும், பொறும்னார். இறங்கித்து. அடடா, இறங்கறதுன்னா உள்ள ஏதோ கோளாறுன்னா அர்த்தம்னார். அந்த மனுஷர் ஆத்துல இன்னி வரைக்கும் ஒரு லேப்டாப் கிடையாது.

ஸ்ரீஹரியைக் கேட்டப்போ, அத்திம்பேர், இந்த விலைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான், ஏதாவது ஒண்ணை எடுங்கோன்னான். அவன் உருப்படியாச் சொன்னான். அன்னியோட அவனைக் கேட்கறதை நிறுத்திட்டார்.

கடை கடையா ஏறியாச்சு. ரிச்சி தெருவுல ஒரு கடைக்காரர், கேம் ஆடினா சூடாகும் சார், அதுக்குத்தான் ரெண்டு ஃபேன் வெச்சிருக்கான்னு சொல்லியிருக்கார். இவர் என்ன கேட்டார் தெரியுமோ? எங்காத்து ஃபேனுக்கு அடிக்கடி கண்டென்சர் போயிடறது, இதுக்குப் போனா எலக்ட்ரீஷியன் வந்து மாத்துவானான்னு. ஹம்சா தலையில அடிச்சுண்டு வெளியில வந்து நின்னுட்டாளாம். அதான், அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு. எங்க பொண்ணுதான், ஒரே பொண்ணு.

அடையாறுல இன்னும் கூத்து. ஒரு கடையில பாவம், ஓட்டிப் பாருங்க சார்னு அந்த லாரி கேமையே போட்டுக் குடுத்திருக்கா. இவர் கொஞ்ச தூரம் போய் ஓரமா நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுண்டு உக்காந்துட்டார். பின்னாடி கஸ்டமர் எல்லாம் காத்துண்டிருக்கா. ஏன் சார் நிறுத்திட்டீங்கன்னா, ஆம்புலன்ஸ் வரது, வழி விட வேண்டாமாங்கறார். அது கேம்பா, அதுல ஆம்புலன்ஸுக்குள்ள யாரும் இல்லைன்னு ஹம்சா சொல்றா. உனக்கு எப்படித் தெரியும், எட்டிப் பார்த்தியான்னு இவர் கேட்கறார். இதைச் சொல்லிச் சொல்லி ரெண்டும் ஆத்துல சிரிச்சுண்டிருந்தது.

சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் கிளம்பிடுவா. ஆட்டோ ஏறறச்சேயே சண்டை ஆரம்பிச்சுடும். இவர் ஸ்கிரீன் பெரிசா வேணும்பார், அவ பேட்டரிதான் முக்கியம்பா. திரும்பறச்சே பெசன்ட் நகர் பீச்சுல மொளகா பஜ்ஜியைத் தின்னுட்டு, ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம்னு வந்து நிப்பா. பண்ணி வெச்ச ரசத்தை நானே குடிச்சுத் தீர்ப்பேன்.

இப்போ ஒரு வழியா முடிவாயிடுத்து. அந்தச் சாம்பல் கலர்தான். ராகவேந்திரனே ஒத்துண்டுட்டார்னா பார்த்துக்கோங்கோ. நாளைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் வரா.

இல்லை இல்லை, விலையைக் குறைக்கச் சொல்ல வரலை. அதுக்கு அவர் இருக்கார், உங்களைப் படுத்தி எடுத்துடுவார். இது வேற.

ஹம்சாவைப் பூனாவுல குடுத்திருந்தோம். தை மாசம் ரெண்டு பெட்டியோட திரும்பி வந்துட்டா. என்ன ஏதுன்னு கேட்காதேங்கோ, கோர்ட்ல இருக்கு. வந்தவ நேரா ரூமுக்குள்ள போனா, அவ்வளவுதான். தட்டை வாசல்ல வெச்சா எடுத்துப்பா. தட்டு வெளியில வரும், அவ வரமாட்டா. பார்த்துண்டிருந்த வேலையையும் விட்டாச்சு. என்கிட்டயாவது உம், உஹும்னு ஏதோ வரும். அவர்கிட்ட அதுவும் கிடையாது. அவரும் கதவு வரைக்கும் போவார், தொண்டையைச் செருமுவார், அப்படியே திரும்பி வந்து படிச்ச பேப்பரையே மறுபடி படிப்பார்.

அப்படி இருக்கறச்சே ஒரு நாள், ஹால்ல உக்காந்துண்டு ராகவேந்திரன்கிட்ட போன்ல முழங்கறார், ஓய், ஐநூத்துப் பன்னெண்டு ஜிபி ரேம், பதினாறு ஜிபி ஹார்ட் டிஸ்க் ஓய்னு. உள்ளேர்ந்து ஒரு குரல். ஐயோ அப்பா, தலைகீழாச் சொல்றே. கதவு திறந்தது. வந்தா. அவர் பக்கத்துல உக்காந்துண்டு, குடு போனைன்னா. நான் அடுக்களை வாசல்ல கையில கரண்டியோட அப்படியே நின்னேன். மூச்சு விட்டா உள்ள போயிடுவாளோன்னு பயம் எனக்கு.

போன சனிக்கிழமை நீங்க டப்பா எடுக்க உள்ள போயிருந்தேளாம். இவர் கீல் ஆடறதா ஆடறதான்னு மூடியைத் திறந்து திறந்து மூடிண்டிருந்தாராம். ஹம்சா சொல்லியிருக்கா, ஏம்ப்பா, எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ கேசரி ஆறறதுக்குள்ள முடிச்சுட்டே, இதுக்கு இத்தனை நாளான்னு. அவர் மூடியை மெதுவாச் சாத்தி வெச்சாராம். அப்புறம், அதனாலதாம்மா இப்படிப் பார்க்கறேன்னாராம். அவ அதை அவர் பக்கமாத் தள்ளி, சரி, இன்னொரு தடவை ஆட்டிப் பாருன்னாளாம். நீங்க வந்தப்போ அவர் கண்ணைத் துடைச்சுண்டிருந்தது அதுக்குத்தான். ஏசி ஒத்துக்கலைன்னு சொன்னாராமே உங்ககிட்ட.

நாளைக்கே வாங்கிட்டா, நாளன்னிக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து எங்கே கிளம்புவா? அதனாலதான் அவாளுக்குத் தெரியாம வந்தேன். நாளைக்கு வந்தா, அந்த மாடல் தீர்ந்துடுத்துன்னு சொல்லணும் நீங்க. ஒரேடியா இல்லைன்னு சொல்லிடாதேங்கோ, பக்கத்துக் கடையில போய் வாங்கிண்டு வந்துடுவா. வந்துண்டே இருக்குன்னு சொல்லுங்கோ. அடுத்த வாரம் வந்து நின்னா, கீபோர்டுல லைட் எரியற மாதிரி ஒண்ணு வரப்போறதுன்னு சொல்லுங்கோ, அவர் கட்டாயம் காத்துண்டிருப்பார். பொய்தான். கடையில நிக்கறவாளுக்கு அதை நானா சொல்லித் தரணும்?

உங்க வியாபாரம் எங்கேயும் போயிடாது, நான் பொறுப்பு. என்னிக்காவது ஒரு நாள் ஹம்சாவே அலுத்துண்டு, போறும்பா, ஏதோ ஒண்ணை எடு, எனக்கு வேலை இருக்கும்பா. அன்னிக்கு பில்லைப் போடுங்கோ.