ஒரு கல்லும் அசையாத முகமூடி

பாரமான பொருளை இரண்டு பேர் புரட்டினால், ஒருவர்தான் எண்ண வேண்டும். இருவரும் எண்ணினால் குழப்பம். எங்கள் நூதனசாலைப் பட்டறையில் பதினொரு வருடமாக எண்ணுகிறவன் நான்.

நீங்கள் விபத்தை விசாரிக்க வந்தவர், அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரைன் ஆற்றங்கரையில் ரோமர் காலத்து வீட்டுத் தரை ஒன்று கிடைத்தது. அதன் நடுவில் நாடகக்காரர் போடும் முகமூடி, வாயைப் பிளந்தபடி, சின்னச் சின்னக் கற்களால் பதித்தது. பெயர்த்தெடுக்கும்போது அதன் முகத்தில் துணியை ஒட்டிக் கவிழ்த்துவிடுவோம். பிறகு வேலையெல்லாம் முதுகில்தான். நாலு மாதம் அந்த முதுகைச் சுரண்டியவன் நான். முழங்கை வீங்கிப் போய்விட்டது. தும்மினால் சீமெந்துத் தூள் வரும். கடைசியில் அதைப் புரட்டி, துணியை வெந்நீரில் நனைத்து உரிப்பார்கள். முகம் தெரியும் அந்த நேரத்தைத்தான் பத்திரிகைக்காரர் படம் பிடிப்பார்கள்.

துணி உரிக்கும் வேலையைப் பேர்பெச்சுவாவுக்குக் கொடுத்தார்கள். மன்னார்ப் பிள்ளை, என் ஊர்க்காரி. ஆவுஸ்பில்டுங் என்கிற ஜெர்மன் தொழிற்பயிற்சி முடித்த சான்றிதழ் அவளிடம் இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டித் தரும்படி கெஞ்சிய கடிதங்கள்தான். நிரந்தர வேலையும் அவளுக்கே என்று, 2006 தை மாதம், எங்கள் மேலாளர் யூலியா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைமீது கோபம் கிடையாது. தினமும் எனக்குத் தேநீர் ஊற்றித் தருகிறவள்.

புரட்டும்போது நான் இந்தப் பக்கமிருந்து தள்ளி நிமிர்த்துவேன். எதிரே நிற்பவர் அதை ஏந்தி மெதுவாக மேசையில் இறக்குவார். விரல் நசியாதிருக்க மேசை ஓரத்தில் மரக்கட்டைகள் வைப்போம். அன்று காலை அவளுடைய பக்கத்துக் கட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். வெறும் மேசையில் விழுந்தால் கற்கள் கழன்றுவிடும். இடையில் மெத்தென்று ஏதாவது இருக்க வேண்டும். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

"அல்பேர்ட் அண்ணை, நீங்களே எண்ணுங்கோ," என்றாள். "மூண்டு எண்டதும் இறக்கிறன்."

"ஒண்டு," என்றேன். முகமூடி பதித்த தரைத்துண்டு நிமிர்ந்து நின்றது. அவளுடைய இரண்டு கைகளும் அதன் அடியில் இருந்தன.

"ரெண்டு," என்று சொல்லி, தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன்.

அவளுடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது கை மடங்காது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன், கரண்டியால் ஊட்டியும் விட்டேன். "நான்தான் அவசரப்பட்டிட்டன் அண்ணை, உங்களில பிழை இல்லை," என்று அழுதாள். "ஓம் பிள்ளை, இந்த வேலையில அவசரம் கூடாது," என்றேன்.

நிரந்தர வேலை எனக்கு வந்தது. துணியை நானே உரித்தேன். முகமூடியில் ஒரு கல்லும் அசையவில்லை. அத்தோடு என் மனம் ஆறிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

போன கிழமை கண்காட்சி திறந்தார்கள். முகமூடிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: "தன் கைகளைக் கொடுத்து இதைக் காத்தவர் பேர்பெச்சுவா." சனம் நின்று வாசித்துக் கண்ணைத் துடைக்கிறது. யூலியாவும் துடைத்தார். நான் பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு இரவு தூங்கவில்லை, அதனால்தான் நானாக உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நாலு மாதம் சுரண்டியவன் நான். எந்த நொடியில் விட்டால் கல் உடையாது என்று பார்த்தவனும் நான். அவள் என்ன செய்தாள்? கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

எந்தத் தண்டனை என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பலகையில் இருக்கும் பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.