மெஸ் வாசலில் இறங்கிய இருவர்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த தென்காசிப் பெண் திடீரென்று சொன்னாள்: "இங்க வந்ததுலேருந்து வாழப்பழம்தாங்க்கா எனக்குச் சாப்பாடு."

அவள் பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் இருந்த அக்கா திரும்பினார். "இன்னாம்மா சொல்ற? வழி நெடுக மெஸ் கீதே?"

"எல்லாத்துலயும் ஆம்பளைங்க கூட்டம். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருதேன். கம்பெனி லைன்ல நின்னு வேலை பாக்கவே தெம்பில்லக்கா."

அக்கா இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். "தெனம் இந்த ரோட்டுலதான் போறேன். நானும் ஒருநாள்கூட உள்ள போனதில்ல."

ஒரகடம் நெருங்கியதும் அக்கா டிரைவரிடம் சொன்னார்: "அண்ணே, அந்த மெஸ்ஸாண்ட நிறுத்துங்க."

"ஷிப்டுக்கு நேரமாகுதேக்கா?"

"சூப்பர்வைசர் கத்துனா கத்தட்டும். எறங்கு."

வாசலில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்: "ரெண்டு இலை போடுங்க!"