ஸ்குறூத் தலையில் சிவப்புக் கோடு

— பொய் சொல்லாதேங்கோ அப்பா. என்ர துவக்கில இருந்த குறிபார்க்கிற கண்ணாடியை ஆர் கழட்டித் திருப்பிப் பூட்டினது?

— நான்தான் எண்டு சொல்லிப்போட்டனே பிள்ளை. மெல்லக் கதை, ஜன்னல் திறந்து கிடக்கு.

— எப்ப?

— வெள்ளிக்கிழமை. நீ அலுமாரித் திறப்பைக் கதவிலயே விட்டிட்டு வேலைக்குப் போட்டாய். பூட்டுவம் எண்டு போனன். கண்ணாடி கோணலாக் கிடந்தது. சும்மா ஒரு கை பார்த்தன்.

— ஒரு கை பார்த்தீங்களோ! ஸ்ரீலங்கா பாஸ்போட் உள்ள ஆக்கள் இந்த நாட்டில துவக்கு வைச்சிருக்கவும் ஏலாது, சுடவும் ஏலாது. சட்டத்தை வாசிச்சே காட்டினனான். கெனாவ், சரியா அதுக்காகத்தான் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டது.

— திறப்பை விட்டது நீ, மதுஜா.

— ஓம். என்ர பிழை. அதால இப்ப நீங்களும் அம்மாவும் மாட்டப்போறியள்.

— ஆருக்குத் தெரியப்போகுது? துவக்கு உன்ர. நீ சுவிஸ்காரி.

— ஹெர் கெலருக்குத் தெரியும்.

— அது ஆர்?

— எங்கட சுடுற கிளப்பின்ர பெரியவர். நேற்றுப் போட்டிக்கு முதல் துவக்கைப் பார்த்தவர். "போன கிழமை நீ கண்ணாடியைப் பிடிக்கிற முன் வளையத்தை முன் கைபிடிக்கு மேல இருக்கிற ரெயிலில போட்டிருந்தாய், பின் வளையத்தைத் துவக்கின்ர உடம்பு ரெயிலில. கைபிடி சூடாகி அசையும், குறி தப்பும். சொல்லுவம் எண்டு இருந்தனான். இப்ப ரெண்டும் உடம்பு ரெயிலில, சரியான பல்லில இருக்கு. ஸ்குறூத் தலையில இருந்து வளையம் மட்டும் சிவப்புக் கோடு வேற. தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் குடுக்கும். இது பழகின கை. ஆற்றை கை?" எண்டு கேட்டார்.

— நீ என்ன சொன்னனி?

— வாயில வந்திட்டுது. அப்பா எண்டு.

— நல்லது.

— என்ன நல்லது! வியாழக்கிழமை நாலு மணிக்கு உங்கட பிரசாவுரிமை நேர்முகம். மேசைக்கு அங்கால இருக்கப்போற அஞ்சு பேரில ஒராள் அந்த ஹெர் கெலர். ஏதும் சொல்லுங்கோ அப்பா.

— இருபத்தாறு வருசம் பிள்ளை. வில் எண்ட இந்த ஊருக்கு வந்த அண்டைக்குத் தொடங்கினது. முதல் கோப்பை கழுவினன், பிறகு கொங்கிறீற் சுமந்தன். நாப்பத்தெட்டு வயதிலதான் ஜேர்மன் ஆ, பே, ட்சே எழுதிப் பழகினன், இந்த ஒரு நேர்முகத்துக்காக. பரவாயில்லை. என்ர மனுவைத் திருப்பி எடுக்கிறன். கொம்மா மட்டும் போகட்டும்.

— அம்மா தனியப் போனால் ஏன் அவர் வரேல்லை எண்டு கேப்பினம். பழைய ஃபைலைத் திறப்பினம். அகதியா வந்த நேரம் நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— துவக்கைக் கையால தொடேல்லை எண்டு. ரெண்டு பேரும் அதைத்தான் சொன்னனாங்கள்.

— உண்மையோ?

— தேத்தண்ணி ஆறுது, குடி.

— அப்பா!

— சரி. நான் சொன்னது பொய். நான் இயக்கத்தில இருந்தனான். போதுமோ?

— எத்தினை வருசம்?

— மூண்டு. இல்லை, நாலு.

— மூண்டோ நாலோ?

— எண்ணிக்கொண்டே இருந்தனாங்கள்? என்ன பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய்!

— வியாழக்கிழமை அந்தாள் சிரிச்சுச் சிரிச்சு இதை விடக் கேப்பார். நான் துவக்கைப் பிடிச்சிருக்கிறன், நீங்கள் தொட வேண்டாம். வாயால சொல்லுங்கோ. வளையத்தைப் பல்லுக்குள்ள வைச்சால் ஒரு மயிரளவு ஆடும். இறுக்க முதல் கண்ணாடியை முன்னுக்குத் தள்ளுறதோ, பின்னுக்கு இழுக்கிறதோ?

— அது... துவக்கு பின்னுக்குத்தானே உதைக்கும். அப்ப பின்னுக்கு.

— இந்தச் சிவப்புக் கோடு என்னத்தால போட்டது?

— நகத்துக்குப் பூசிற கியூடெக்ஸ். உன்ர மேசையில கிடந்தது.

— என்னட்டைச் சிவப்பு இல்லை அப்பா. இந்த வீட்டில சிவப்பு ஒரேயொரு போத்தில்தான் இருக்கு.

— கொம்மாவை இதுக்குள்ள இழுக்காதை!

— நான் ஆற்றை பேரும் சொல்லேல்லையே.

— கோப்பையைத் தா, கழுவி வைக்கிறன்.

— அப்பா, என்னைப் பாருங்கோ.

— வாசலில சத்தம். பேசாமல் இரு.

— என்ன ரெண்டு பேரும்? படியில வரேக்கையே கேக்குது. கீழ் வீட்டு மனுசி கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறா.

— ஒண்டுமில்லை கௌரி. வேலையால களைச்சு வந்திருக்கிறீர், உள்ளுக்குப் போம்.

— அம்மா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவெல்லோ?

— மதுஜா, வாயை மூடு! நான் செய்தது எண்டு சொன்னால் நான் செய்ததுதான். வியாழக்கிழமையும் அதைத்தான் சொல்லுவன்.

— விடுங்கோப்பா, பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது. ஸ்குறூ ரெண்டும் விரலாலயே சுத்துப்பட்டது. அப்பிடியே சுட்டிருந்தால் கண்ணாடி கழண்டு பிள்ளையின்ர கண்ணுக்கெல்லோ வந்திருக்கும். எப்பிடிப் பார்த்துக்கொண்டு பேசாமல் போறது?

— அம்மா...

— முன்னுக்கு, மதுஜா. முன்னுக்குத் தள்ளிப்போட்டுத்தான் இறுக்கிறது. அந்த மனுசனுக்கு எங்க தெரியும்? நான் இயக்கத்தை விட்டு ஓடி வந்த அண்டு, என்ர துவக்கை வாங்கிப் புதைக்கேக்க, இதில குழல் எந்தப் பக்கம் எண்டு நடுங்கி நடுங்கி என்னட்டைத்தான் கேட்டவர்.