கிணற்றின் மேல் குற்றமில்லை

செடி வாங்கப் போகிறவர் வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உச்சிவேளையில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் துவண்டு நிற்கும். நல்லதையும் நோஞ்சானையும் பிரித்தறிய முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. நீங்கள் கேட்காத இடத்திலிருந்து தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர், மன்னிக்க வேண்டும். ஆனால் நான் எதற்காக ஊர் ஊராகச் செடித் தோட்டங்களைத் தேடி அலைந்தேன் என்பது தெரியாவிட்டால், வாலிநோக்கத்தில் சுலைகா என்ற அந்தப் பெண் ஏன் இறந்தாள் என்பதும் உங்களுக்கு விளங்காது.

முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் என் பெயரைச் சொல்லி, பூமிநாதன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நல்லதண்ணிக் கிணத்து வீடு என்று கேட்டால்தான் கை நீட்டுவார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் சவர் பாய்ந்து கிடக்க, என் பாட்டனார் வெட்டிய கிணறு மட்டும் இளநீராய் ஊறியது. எங்கள் வீட்டில் பெண் கேட்டு வருகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுமுன் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சம்பந்தம் பாதி முடிந்துவிடும்.

சுதந்திரம் வந்த சில வருஷங்களில் மழை பொய்த்து, கிணறு அடி தட்டியது. நான் ஆள் இறக்கி ஆழப்படுத்தினேன். கிணறு வெட்டுகிறவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்: “அய்யா, போதும்யா. இதுக்குக் கீழ மண்ணு வேற மாதிரி வருது.” நான் வெட்டச் சொன்னேன். வெட்டினான். அன்று சாயந்திரத்துக்குள் தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி நின்றது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. அத்தனை தண்ணீரையும் வீணாக்குவானேன் என்றுதான் வீட்டைச் சுற்றி ஒரு பூந்தோட்டம் போட நினைத்தேன்.

அந்த வருஷத்திலிருந்துதான் நர்சரிக்காரர்கள் என்னை ஏமாற்றத் தொடங்கினார்கள்.

இராமநாதபுரத்தில் வாங்கிய ரோஜா இலை நுனி கருகிச் செத்தது. பரமக்குடியில் வாங்கிய கிரோட்டன்ஸ் அப்படியே. உச்சிப்புளியிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்த மல்லிகைப் பதியன்கள் ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதில்: “தண்ணியக் கொஞ்சம் பாருங்கய்யா.” வேர் அழுகிய செடியை விற்றுவிட்டு, வாங்கியவன் கிணற்றைப் பழிக்கிற இந்த வித்தையை நான் பொறுமையாகவே கேட்டுக்கொண்டேன். எனக்குக் கோபம் வராது. தெரிந்த கடைகளை ஒவ்வொன்றாக விட்டேன். தெரியாத தோட்டங்களைத் தேடினேன். சொந்த நாணயத்தை இன்னும் தொலைக்காத ஒரு நர்சரிக்காரராவது இந்தச் சீமையில் இருக்க மாட்டாரா என்று பார்த்தேன். அவ்வளவுதான் என் அலைச்சல்.

சாயல்குடி பஸ்ஸில் ஒருவர் சுலைகாவைப் பற்றிச் சொன்னார். வாலிநோக்கத்து உப்பளங்களுக்கு அப்பால் மணல்மேட்டுக்குப் பின்னால் அவள் தோட்டம். கணவர் இல்லை; அண்ணன் கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் இங்கே காணாத செடிகளாகக் கொண்டுவருவார். ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் உண்டு: வாங்க வருகிறவர் தம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். அதை அவள் குடித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீருக்கு எது தழைக்குமோ அதைத்தான் கொடுப்பாள். அவர் இதைக் கேலியாகச் சொன்னார். எனக்கோ மகிழ்ச்சியாக இருந்தது. எங்கள் தண்ணீருக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு நாக்கு அகப்பட்டதே என்று நினைத்தேன்.

கூஜா நிறையத் தண்ணீர் எடுத்து, பண்ணையாள் முனியசாமியின் தலையில் வைத்துக் கூட்டிப்போனேன். காலை வெயில் இதமாக இருந்தது. பனையோலைக் கொட்டான்களில் கன்றுகள் வரிசையாக இருந்தன. பந்தலில் ஒரு கொடி. நீலக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்ததுபோல அதன் பூக்கள். அப்படியொரு நீலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அது என் வாசலில் படர்ந்தால், இத்தனை வருஷம் என்னை ஏய்த்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துப் போகட்டும் என்று தோன்றியது.

“வாங்கய்யா. எந்த ஊருத் தண்ணி?” என்றாள் அவள். என் ஊரைக் கேட்கவில்லை.

ஊரைச் சொல்லி, அந்தக் கொடியைக் கேட்டேன். முனியசாமி ஊற்ற, உள்ளங்கையில் வாங்கி, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள்.

“கோவிச்சுக்கிறாதீங்கய்யா. இந்தத் தண்ணிக்கு இந்தக் கொடி தாங்காது. உப்பு ஏறியிருக்கு.”

அங்கே தென்னங்கன்று வாங்க வந்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவர், அலியார் என்று பெயர், எழுந்துவந்து கை நீட்டினார். “ஏலே, இங்கனயும் கொஞ்சம் ஊத்து.” குடித்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார். “ஏயப்பா, இதுல மீனப் போட்டா கருவாடா எடுத்துரலாம் போலருக்கே. அய்யா வீட்டுல கொழம்புக்கு உப்பு வாங்குற வழக்கமே இல்லையோ?”

களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “சும்மா இருங்க அலியாரண்ணே” என்று சுலைகா அதட்டினாள். ஆனால் அவளுடைய உதட்டோரத்திலும் ஒன்று வந்து மறைந்தது. அதை நான் பார்த்தேன்.

“எங்கள் வீட்டுக்கு நல்லதண்ணிக் கிணத்து வீடு என்று பெயர்” என்றேன், குரலை உயர்த்தாமல்.

“பேரு இருக்கும்ங்கய்யா. தண்ணி மாறிப்போகும்ல. மழை கழிஞ்சு வாங்க, உங்க தண்ணிக்குத் தக்கன ஒண்ணு வளத்து வைக்கிறேன்.”

வீடு திரும்பியதும் முனியசாமியை மாட்டுத்தொழுவில் நிறுத்தி விசாரித்தேன். கையில் புளிய விளாறு இருந்தது. விசாரணை என்றால் அது இருக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. வழியில் தண்ணீர் சிந்திவிட்டதா, வேறு கிணற்றில் மொண்டு நிரப்பினாயா என்று கேட்டேன். இல்லையென்றான். திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் உண்மை வந்தது: “ஆமாய்யா. சிந்திருச்சுய்யா. சாயல்குடிக் கெணத்துல மோந்து ஊத்துனேன்யா.” எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிரவு அவனுக்குச் சோறு போடச் சொன்னேன்.

காரியம் இத்துடன் நின்றிருக்கும். ஆனால் கீழக்கரைக்காரர் சொன்ன நையாண்டி எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. முதுகுளத்தூர்ச் சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே யாரோ ‘கருவாட்டுக் கிணத்து வீடு’ என்றார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஐப்பசியில் என் மகள் சண்முகவள்ளியைப் பார்க்க வந்தார்கள். என் மனைவி சேதுலட்சுமி வெள்ளித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைத் தொடாமல், “சோடா கெடைக்குமா?” என்று கேட்டார். முகத்தை நேராக வைத்துக்கொண்டுதான் கேட்டார். சோடா வாங்கிவரச் சொன்னேன். அவர்கள் திரும்பி வரவில்லை. மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மழை கழிந்தது. இந்த முறை நானே கிணற்றில் வாளி விட்டு நானே கூஜாவை நிரப்பினேன். களஞ்சியத்தில் எலிக்காக வைத்திருந்த பாஷாணத்தையும் நானே அதில் கலந்தேன். முனியசாமிக்கு எதுவும் தெரியாது. அவன் சுமந்தான், அவ்வளவே.

நீங்கள் இதைத் தவறாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக விளக்குகிறேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. ஒரு மிடறு ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். முதல் மிடற்றிலேயே அவள் தன் தவற்றைத் திருத்திக்கொண்டு, ‘நல்ல தண்ணி’ என்று சொல்லியிருந்தால், கூஜாவைத் தட்டிவிட்டிருப்பேன். அதற்காகவே அருகில் நின்றேன். இதைவிட நியாயமான வாய்ப்பை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. அவளுடைய உயிரை அவள் நாக்கிலேயே வைத்துவிட்டேன்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். “வந்துட்டீகளாய்யா. ஒங்களுக்குன்னே வச்சிருக்கேன், பாருங்க.” ஒரு கொட்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புன்னைக் கன்று. இந்தக் கடற்கரையில் மீனவர் குடிசைக்குக் குடிசை நிற்கிற அதே புன்னை. “உப்பளத்துத் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஊத்திப் பழக்கியிருக்கேன்யா. இனி உங்க தண்ணி இதுக்குப் புதுசில்ல. பூத்துச்சுன்னா வீடே மணக்கும்.” மாதக்கணக்கில், தினமும், என் கிணறு உப்பு என்று நினைத்துக்கொண்டே அவள் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அலியார் என்னை அவமதிக்க ஒரு கணம்தான் எடுத்துக்கொண்டார். இவள் அதை வளர்த்திருந்தாள், துளிர் விட்டிருந்தது.

“இது என் கையால் எடுத்த தண்ணீர். குடித்துப் பார்த்துச் சொல்” என்றேன்.

குடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அதே தண்ணிதாங்கய்யா” என்றாள்.

“ஒரு மிடற்றில் என்ன தெரியும்? நன்றாகக் குடித்துப் பார்.”

வீடு தேடி வந்தவரின் மனம் கோணக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மறுபேச்சில்லாமல் மறுபடி கையை நீட்டினாள். நான் ஊற்றினேன். குடித்தாள். மீண்டும் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். கூஜா காலியாகிற வரைக்கும் அவள் பொய்யை விடவில்லை. பிறகு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, “புன்னைக் கன்ன எடுத்துட்டுப் போங்கய்யா, ஒண்ணும் தர வேணாம்” என்றாள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவள் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அதற்கடுத்து வந்த பேச்சுதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது. கிணத்து வீட்டுத் தண்ணீரைக் குடித்து ஒரு பொம்பளை செத்துப்போனாள் என்று சாயல்குடியிலிருந்து கீழக்கரை வரை பேசுகிறார்கள். மாடுகூட எங்கள் தொட்டிப் பக்கம் வராமல் ஓட்டிப்போகிறார்கள். இதை நான் எப்படிப் பொறுப்பேன்? ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கொன்றது பாஷாணம். கலந்தது நான். கிணற்றின் மேல் குற்றமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் ஊரில் தண்டோராப் போட்டுச் சொல்லிவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

முனியசாமியை விட்டுவிடுங்கள். கூஜா சுமந்தவன் என்று அவனைப் பிடித்துவந்து அடித்ததும், விஷம் வைத்தது தான்தான் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டானாமே. அடி விழுந்தால் அவன் எதையும் ஒப்புக்கொள்வான்; அவன் பேச்சை எப்படி நம்பினீர்கள்? முதல் பயணத்தில் தண்ணீர் சிந்தவே இல்லை என்று இப்போது அழுகிறான் என்கிறீர்கள். அது வேறு. தொழுவில் என்னிடம் அவன் சொன்னதுதான் உண்மை.

சேதுலட்சுமியும் ஏதோ சொல்லியிருக்கிறாள். கிணறு ஆழப்படுத்திய வருஷத்திலிருந்து எனக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஊருணியிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து பானையில் ஊற்றுவதாகவும், என்னிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை என்றும். பெண்கள் போலீஸைக் கண்டால் மிரண்டுபோய் எதையாவது உளறுவார்கள். என் வீட்டில் யாரும் என்னைக் கண்டு பயந்ததில்லை. அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

மேஜையில் இந்தத் தம்ளரை வைத்திருக்கிறீர்கள். இன்று காலை ஏட்டு என் கிணற்றில் நேராக மொண்டுவந்த தண்ணீர் என்கிறீர்கள்; ஒரு வாய் குடித்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். தவறில்லை. ஆனால் என் வீட்டுத் தண்ணீரின் ருசியை நான் இங்கே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பேனாவைக் கொடுங்கள். தம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர். எனக்குத் தாகமில்லை.