ஆர்கன் இருக்கையில் இருவர்

ஆர்கன் வாசிக்கிறவருக்கு நல்ல சப்பாத்து வேண்டும். கால்களாலும் வாசிக்க வேண்டியிருப்பதால் அடி மெல்லியதாக இருக்க வேண்டும். என் மாணவி விஷாலினிக்கு முதல் ஜோடியை வாங்கிக் கொடுத்தது நான்தான். அப்போது அவளுக்கு ஆர்கனின் கால்மிதிகள் எட்டக்கூட இல்லை.

நான் மோகனதாஸ். மலேசியாவிலிருந்து வந்தவன். வார நாட்களில் பள்ளி ஆசிரியர், ஞாயிறுகளில் நோபல் பார்க் புறநகரில் எங்கள் தமிழ் லூத்தரன் சபைக்கு ஆர்கனிஸ்ட். லிண்ட்னர் என்றொரு ஜெர்மானியர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் வாழ்ந்தார். கிராமப் பள்ளியில் பாடம், ஆலயத்தில் ஆர்கன். அவருடைய வரலாற்றை எழுதுவதற்காகவே நான் ஜெர்மன் படித்தேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. ஆனாலும் ஊரார் அவரை இருக்கையிலிருந்து எழுப்பவில்லை. அவர் போக்குக்கே பாடினார்கள்.

என்னை எழுப்பினார்கள். இனி விஷாலினி வாசிக்கட்டும் என்று சபைக் கூட்டத்தில் முடிவானது. கை தூக்கியவர்களில் என் மனைவி மார்கரெட்டும் ஒருத்தி. வீட்டுக்கு வரும் வழியில், “உங்க விரலு முன்ன மாதிரி இல்லைங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லல,” என்றாள்.

விஷாலினிக்கு இது முன்பே தெரியும். வியாழன்தோறும் என்னிடம் பாடத்துக்கு வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, “பாஸ்டர் சொல்ல வேணாம்னாரு அங்கிள். சாரி,” என்றாள். பரவாயில்லை என்றேன்.

அவளுக்கு நிலக்கடலை ஆகாது. அதனால் மார்கரெட் அவளுக்கென்று தனியாக சாக்லேட் கேக் செய்வாள். அவள் ஆர்கனிஸ்டாக வாசிக்கவிருந்த முதல் ஆராதனைக்கும் செய்தாள். மார்கரெட் குளிக்கப் போயிருந்தபோது மாவில் நிலக்கடலைப் பொடியைக் கலந்தேன். ஆலயத்தில், விஷாலினியின் பையிலிருந்த எபிபென்னை எடுத்துக்கொண்டேன். மூச்சு அடைத்தால் தொடையில் குத்த வேண்டிய ஊசி அது. ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தருகிறார்கள். எனக்கு நன்றாகவே குத்தத் தெரியும். போலீஸ் சோதனையில் என் கோட்டில் நீங்கள் கண்டெடுத்தது அதைத்தான்.

ஆராதனை தொடங்குமுன், ஆர்கன் இருக்கும் மேல்மாடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கேக்கை நான்தான் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவள் முகம் வீங்கியது. பையைக் கொட்டித் தேடினாள்.

“அங்கிள், என் பென்,” என்றாள்.

“தேடறேம்மா,” என்றேன்.

அவள் அசைவு அடங்கும் வரை தேடினேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஏதோ ஒரு பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டுவிட்டதாக மார்கரெட் நம்பிக்கொண்டிருந்தாள். குசினியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். சாப்பிட மாட்டேன் என்றாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். அது பொய்யில்லை.

அடக்க ஆராதனைக்கு வாசிக்க ஆள் இல்லை. விஷாலினியின் அம்மா வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வாசிக்கிறதுன்னா அவளுக்கு உயிருங்க,” என்றார். உடனே ஒத்துக்கொண்டேன். என்னைக் கைவிட்டவர்களைக்கூட நான் கைவிட்டதில்லை.