இரண்டு விரல் அகலம்

“நாலாவது தடவை, மாமா. அதே சக்கரம், அதே...”

“நான் மாட்டின டயர்ல காத்து இறங்காது மாப்பிள்ளை. நீங்க எந்தப் பள்ளத்துல...”

“பள்ளமா? வாசல்ல நிக்கிற வண்டி மாமா. நின்னுக்கிட்டே இறங்குது.”

“நிக்கிற சக்கரம் பெருமூச்சு விடுதாக்கும்.”

என் தம்பியும் என் மருமகனும்தான். இருவரும் நல்லவர்கள், அதனால்தான் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது. நான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு மனிதர்களின் குரல் கேட்டால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

எங்கள் கடையில் வேலை சுத்தம். அலுமினியச் சக்கரம் வெளியேதான் பளபளக்கும். டயரின் உதடு வந்து உட்காரும் உள்விளிம்பில் வெள்ளையாகத் துரு பூத்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் அதைப் பதமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். விட்டால் காற்று கசியும். அழுத்தினால் கீறல் விழுந்து அதிலும் கசியும். நான் தேய்த்துக் கொடுப்பேன். தம்பி சோப்புத் தண்ணீர் தடவி மாட்டிக் காற்றடிப்பான். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று நான் பார்ப்பேன். அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போட ரோஷம்.

என் மகள் கல்யாணமாகி இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். முதலில் மாதாமாதம் வந்தாள். அப்புறம் “வர்றோம்மா, வர்றோம்மா” என்று போனில் மட்டும் வந்தாள். அப்படியிருக்கையில்தான் அவளும் மாப்பிள்ளையும் ஒரு சனிக்கிழமை புது டயர் மாட்ட வந்தார்கள்.

வலது பின் சக்கரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்க்காமல் விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. தொட்டியில் கடுகளவு குமிழி ஒன்று வந்தது.

“இருக்கா அக்கா?” என்றான் தம்பி.

“ஒண்ணுமில்லடா,” என்றேன்.

இரண்டாவது சனிக்கிழமையே திரும்ப வந்துவிட்டார்கள். மாமா மாட்டியதை வேறு கடையில் பிரித்தால் மாமாவுக்கு அவமானம் என்று நினைக்கிற தங்கமான மாப்பிள்ளை. வந்த ஒவ்வொரு தடவையும் நானே மறுபடி தேய்த்தேன், அதே இடத்தை விட்டுவிட்டு. அந்தச் சனிக்கிழமைகளில் வீடு என்னமாய்ச் சிரித்தது தெரியுமா? ஒரு தடவை பெரிய சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததாம். மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார்.

தம்பிதான் கொஞ்சம் ஒடுங்கிப்போனான். முப்பது வருடம் டயர் மாட்டியவன், இப்போது எல்லார் வண்டியையும் இரண்டு முறை பிரித்துப் பார்க்கிறான். சாப்பிடும்போது தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டேன். ஒரு அக்கா வேறென்ன செய்ய முடியும்?

இன்று சண்டை நடுவிலேயே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டான்.

“மாப்பிள்ளை சொல்றது சரிதான் அக்கா. என் கை போயிடுச்சு. நாளையிலேர்ந்து கடையை மூடிடலாம்.”

கடையை மூடினால் சனிக்கிழமைக்கு என்ன செய்வது?

மாப்பிள்ளை அவன் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

கூட வந்திருந்த மகள், டயரைப் பிரித்து வைத்திருந்த சக்கரத்தின் முன் குந்தினாள். இந்தக் கடையில் வளர்ந்தவள். உள்விளிம்பில் விரலை ஓட்டினாள், ஓரிடத்தில் நின்றது. வெள்ளையான விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பக்கத்திலிருந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

“காத்து இறங்கலேன்னாலும் வர்றேம்மா,” என்றாள், தேய்த்தபடியே. “மாமாவை மட்டும் விட்டுடு.”